நீலக் கதவு வீட்டின் முன் நின்ற வண்டி

ரயில்வே கேட் திறந்து, முன்னால் காத்திருந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டவாளத்தைத் தாண்டி, மேடேறி இறங்கிக்கொண்டிருந்த மாலையில், பல்லுக்காரம்மாவின் கார் வாய்பேசாமல் அடங்கிப்போயிற்று. இருமவில்லை, குலுங்கவில்லை, புகை கக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டதுபோல எஞ்சின் ஓசை நின்றது. வண்டி தன் வேகத்தின் மிச்சத்தில் சற்றே உருண்டு சாலையோரம் ஒதுங்கியது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே நீலக் கதவு போட்ட வீடு.

ஓராண்டுக்கு முன் அவளுடைய கணவரின் உயிர் பிரிந்தது இந்தக் காரில், இந்த இருக்கையில், இந்தக் கதவுக்கு எதிரில்தான்.

பல்லுக்காரம்மா என்பது தெருப் பிள்ளைகள் இட்ட பெயர். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் பதித்து, ஈறின் நிறம் தேர்ந்து, கண்ணுக்கு எட்டாத மேடுபள்ளங்களை விரல்நுனியால் தடவியறிந்து தேய்ப்பாள். ஊரில் பாதிப்பேர் சிரிப்பது அவள் தயவில் என்பது கணவரின் கேலி. ஏதேனும் விருந்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும், "பாரு, உன் சரக்கா?" என்று அவள் காதோரம் முணுமுணுப்பார். அவளும் உற்றுப் பார்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ தலையசைப்பாள். இருவருக்கும் மட்டுமே உரிய விளையாட்டு அது.

அவர் வீடுவீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்த்து வந்தவர். அதனால் மீட்டர்காரர். எதையும் ஆறவிட்டுச் செய்பவர். காப்பியில் ஆடை படிந்தபிறகே குடிப்பார். வீட்டில் சண்டை மூண்டால் எதிர்வார்த்தை பேசாமல் பின்படிக்கட்டில் போய் அமர்ந்துவிடுவார். சூடு தணிந்தபின் வந்து, எதுவுமே நடவாததுபோல, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்பார். அவசரம் என்ற சொல்லையே பிறவியில் கேட்டிராத மனிதர் என்று அவருடைய தங்கை குறைபட்டுக்கொள்வாள்.

அப்படிப்பட்டவர் நெஞ்சடைத்து இறந்துபோனார். மருத்துவர் சொன்ன காரணத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில் முளைத்தது. கார் சாலையோரம் அச்சில் வார்த்ததுபோல நேராக நிறுத்தப்பட்டிருந்தது. கைப்பிரேக் போட்டிருந்தது. சாவி அணைக்கப்பட்டிருந்தது. நெஞ்சுவலியில் துடிப்பவன் இத்தனை ஒழுங்காக வண்டியை நிறுத்துவானா? வீடோ கூப்பிடு தூரம். நின்றதோ முன்பின் அறியாத ஒரு வீட்டெதிரில். விசாரிக்க வந்த போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்டுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். கேட்டவர் மறந்திருப்பார். கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே புரையோடிற்று.

நீலக் கதவு வீட்டில் தனியே வாழ்ந்தவள் துணி தைத்துப் பிழைக்கும் ஒரு பெண். ஆம்புலன்சுக்குச் சொன்னவள் அவள்தான். சாவு வீட்டுக்கும் வந்தாள். வந்தவள் ஒரு மூலையில் நின்று, கட்டிய மனைவியைக் காட்டிலும் மிகுதியாக அழுதாள். மீட்டர்காரரின் தங்கை அதைக் கண்டுவிட்டாள். துணிக்கடைக் கல்லாவில் அமர்ந்து ஆயிரம் முகங்களை எடைபோட்டுப் பழகியவள் அவள். "நம்ம வீட்டுச் சாவுக்கு இவ எதுக்கு இப்படி அழறா?" என்று உறவினர் அத்தனை பேரின் காதிலும் விழும்படியே கேட்டாள். தையல்காரி தலைகுனிந்து வெளியேறினாள். அவளை யாரும் தடுக்கவில்லை, பல்லுக்காரம்மாவும் தடுக்கவில்லை.

அதன்பின் கார் பல மாதம் உறை போர்த்திக் கிடந்தது. பட்டறை வழியே சென்ற பேருந்து தடம் மாறியபிறகுதான் அதை மறுபடி வெளியே எடுத்தாள். ஓட்டுநர் இருக்கை அவருடைய நீண்ட கால்களுக்கேற்பப் பின்தள்ளியே இருந்தது. அதை முன்னே இழுக்க மனம் ஒப்பாமல், முதுகுக்கு ஒரு தலையணை வைத்து ஓட்டினாள்.

முதல்நாள் நின்ற கார் சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமறியாத பிள்ளைபோலக் கிளம்பிற்று. தற்செயல் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அந்த வாரமே மறுபடியும் நின்றது. அதே மேடிறங்கி, அதே இடத்தில். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. எதிர்வீட்டுச் சன்னலில் எரிந்துகொண்டிருந்த விளக்கு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் உருவம் அசையாமல் நிற்பது தெரிந்தது. அதுவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அது வழக்கமாயிற்று. வெயில் கொளுத்திய நாள்களில் கார் நின்றது, விளக்கு அணைந்தது, உருவம் வந்தது. வேறு வழியில் வீடு திரும்பலாம். ஆனால் அவளுடைய கைகள் தாமாகவே ஸ்டியரிங்கை அந்தத் தெருவுக்குத் திருப்பின. நின்ற வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்திருக்கையில், பக்கத்தில் எவரோ மூச்சடக்கி இருப்பதுபோலத் தோன்றும். ஒருநாள் தன் குரல் தனக்கே அந்நியமாக ஒலிக்க, "ஏங்க இங்க நின்னீங்க?" என்று கேட்டுவிட்டாள். சூடான இரும்பு குளிர்ந்து சுருங்கும் டிக், டிக் ஓசை பானெட்டுக்குள்ளிருந்து வந்தது.

நாத்தனாரிடம் சொன்னபோது அவள் முகம் வெளிறிற்று. "அண்ணன்தான் நிறுத்துறாரு அண்ணி. ஏதோ சொல்லணும்னு துடிக்கிறாரு. பேசாம அந்தக் கார வித்துடுங்க."

நாத்தனாரின் கணவர் வேன் ஓட்டுபவர், எதற்கும் பதறாதவர். "உசிரோட இருந்தப்ப பெட்ரோல் போடுங்க மச்சான்னா ரெண்டு நாளைக்கு மறந்துடுவாரு. செத்தப்புறம் இவ்வளவு ஞாபகமா தினம் வந்து பிரேக் போடுறாரா?" என்றார். மனைவி பார்த்த பார்வையில் அவர் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

பல்லுக்காரம்மா விற்கவில்லை. விற்றுவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை எந்நாளும் கிடைக்காது என்று அவளுக்குப் பட்டது. அவர் ஏன் அங்கே நின்றார்? அது தெரியாமல் அவருடைய படத்தின் முன் நின்று கண்களைச் சந்திக்கவும் அவளால் முடியவில்லை. முப்பதாண்டு வாழ்க்கையை அந்த ஒரு கேள்வி கறையான்போல உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. பட்டறையில் ஒருநாள் முன்பற்களை மாற்றி அடுக்கிவிட்டாள். அவள் கையில் அப்படியொரு பிழை நேர்ந்ததே இல்லை.

காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அங்கே நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் ஓடிற்று. அவன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, கிராங்க் சென்சார் என்றான். எஞ்சினின் அடியில் விரல் நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்பு. உள்ளே தண்டு சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அது வாயடைத்தால் எஞ்சின் சுழலவில்லை என்றெண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சூடேறினால் அதன் உள்கம்பி விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ரயில்வே கேட்டில் ஓடாமல் உறுமிக்கொண்டே நிற்கும்போது பானெட்டுக்குள் வெப்பம் தேங்கும்; அதனால்தான் கேட்டைத் தாண்டியதும் நிற்கிறது என்று விளக்கினான். சொல்லிவிட்டு, கையைத் துடைத்தபடியே, அவள் எதிர்பாராத ஒன்றையும் சொன்னான்.

"சார்கிட்டயும் இதையேதான் சொன்னேங்க அக்கா. சாமான வாங்கிட்டுப் போனாரு. அவசரமில்ல, லீவுல நானே போட்டுக்கிறேன்னாரு. போடலையா?"

அவள் வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தூக்கினாள். அடியிலே, பழைய துண்டில் சுற்றிய அட்டைப்பெட்டி. பெட்டியின் ஒட்டுத்தாள் பிரிக்கப்படாமலே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். அவருக்கும் இது நின்றிருக்கிறது. ஆனால் அன்று நின்றதா? காரை வீட்டுக்கு ஓட்டிவந்த நாத்தனார் கணவர், ஒரே திருப்பில் கிளம்பியது என்றல்லவா சொன்னார்? ஆறியபின் கிளம்பத்தானே செய்யும் என்று ஒரு மனம் வாதிட்டது. உனக்கு வேண்டிய விடையை நீயே புனைந்துகொள்கிறாய் என்று மறுமனம் இகழ்ந்தது.

அவர் விட்டுச்சென்ற வேலையை வேறு கை தொடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். விடுமுறை நாள் காலையில், வீட்டெதிரே நிழல் விழும் பக்கமாகக் காரை நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். டார்ச் பிடிக்க நாத்தனார் வந்திருந்தாள். வாயும் உடன் வந்திருந்தது.

"பல்லு செட்டுன்னு நெனச்சுக் கையை விட்டுடாதீங்க அண்ணி. இது கடிக்கும்."

"நீ வெளிச்சத்தக் காட்டு. என் மூஞ்சியில இல்ல, உள்ள."

முதலில் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றி ஒதுக்கினாள். காற்று வடிகட்டிப் பெட்டியின் கொக்கிகளை விடுவித்து அதைத் தூக்கி வெளியே வைத்ததும், கீழே கையளவு இடைவெளி புலப்பட்டது. எஞ்சினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிக்கிடந்த குழிவில், சென்சார் ஒரு கெட்டுப்போன கடைவாய்ப் பல்போலப் புதைந்திருந்தது. அவளுக்குச் சற்றே துணிவு பிறந்தது. கெட்ட பல் அவளுக்குப் புதிதன்று.

ஒயர் முனையின் தாழ்ப்பாளை நகத்தால் அழுத்தி இழுத்தாள். வந்தது. போல்ட் வரவில்லை. துரு. துருநீக்கி எண்ணெயைத் தெளித்துவிட்டு ஊறட்டும் என்று காத்திருந்தார்கள். நாத்தனாருக்குக் காத்திருக்கத் தெரியாது. பானெட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டு, அவளாகவே பேசினாள்.

"அன்னிக்கும் இது இப்படித்தான் வாயப் பொளந்துட்டு இருந்துச்சாம்."

"என்னிக்கு?"

"அன்னிக்குதான். இவரு வண்டிய எடுத்துட்டு வரும்போது பானெட் தடதடன்னு ஆடுச்சாம். சரியா மூடலன்னு இறங்கி ஓங்கி ஒரு அடி அடிச்சு மூடினாராம்."

பல்லுக்காரம்மாவின் கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது.

"ஏன்டி இத இத்தன நாளா சொல்லல?"

"இதெல்லாம் ஒரு விஷயம்னு யாருக்கு அண்ணி தெரியும்? ஏன், என்ன இப்ப?"

பானெட் தானாகத் திறக்காது. ஓட்டுநரின் காலருகே உள்ள கம்பியை இழுத்தால்தான் அது ஒரு விரற்கடை எழும்பும். இழுத்தவர் அவர். சூடு வெளியேறட்டும் என்று இழுத்திருக்கிறார். கார் நின்றதும் ஓரம் ஒதுக்கி, கைப்பிரேக் போட்டு, சாவியை அணைத்து, பானெட்டை எழுப்பிவிட்டு, ஆறட்டும் என்று அமர்ந்திருக்கிறார். யாரையும் அழைக்கவில்லை. அழைப்பானேன்? சற்று நேரத்தில் கிளம்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். பெண்ணொருத்தியைக் காண வந்தவன் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருப்பானா?

ஓராண்டாக அவள் சுமந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே வேறொன்று ஏறி அமர்ந்தது. வீடு கூப்பிடு தூரம். மருத்துவமனை அதற்கும் சற்று அப்பால். டிக்கியில் புதிய சென்சார் பிரிக்கப்படாமல் உறங்கிக்கொண்டிருக்க, கெட்டதன் சூடு ஆறும் பொருட்டு, தம் உயிர் ஆறிக்கொண்டிருப்பதை அறியாமல் அமர்ந்திருந்தார் அந்தப் பொறுமைசாலி.

விளக்கிச் சொன்னபோது நாத்தனாரின் கையிலிருந்த டார்ச் தாழ்ந்தது. ஒளி எஞ்சினை விட்டுத் தரையில் விழுந்தது. அவள் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தப் பொண்ண நான் என்னென்ன பேசிட்டேன், அண்ணி."

"நீ பேசின. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். வெளிச்சத்தப் பிடி."

போல்ட் இப்போது ஒரு முனகலோடு இளகியது. சென்சார் தன் குழியை விட்டு வர மறுத்தது. நெம்பினால் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இரு விரலால் பற்றி, இடமும் வலமுமாக மெல்ல மெல்லத் திருகினாள். ரப்பர் வளையம் பிடியை விட்டது. ஈறினின்று பல் கழல்வதுபோல அது அவள் கைக்கு வந்தது. நுனியெல்லாம் கருகல். குழியைத் துணியால் துடைத்தாள். புதிய பெட்டியின் ஒட்டுத்தாளைப் பிரிக்கும்போது விரல்கள் ஒருகணம் தயங்கின. புதியதன் ரப்பர் வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி, நேராகப் பிடித்து அழுத்தினாள். இடம் கொண்டது. போல்ட்டை அளவாக முறுக்கி, ஒயர் முனையைக் 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை செருகி, வடிகட்டிப் பெட்டியையும் பேட்டரியையும் மீண்டும் பூட்டினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

உச்சிவெயிலில் இருவரும் புறப்பட்டார்கள். சோதிக்க வேண்டுமே என்றாள் பல்லுக்காரம்மா. எங்கே என்று நாத்தனார் கேட்கவில்லை. ஊரைச் சுற்றிவிட்டு வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு வண்டி, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாததுபோல ஊர்ந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. இருவரும் அதன் ஓசையைக் காய்ச்சல்காரனின் மூச்சைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட் திறந்தது. மேடேறினார்கள், இறங்கினார்கள். கார் நிற்கவில்லை. நீலக் கதவு நெருங்கிற்று. அப்போதும் நிற்கவில்லை. நின்றுவிடாதா என்று உள்ளே எதுவோ ஏங்கியதை உணர்ந்து அவள் தன்னையே அஞ்சினாள். காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தினாள். சாவியைத் தானே அணைத்தாள்.

"நீயும் வா."

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? நீங்க போங்க அண்ணி."

கதவைத் தட்டினாள். திறந்த தையல்காரி அவளைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கி, நிலையைப் பற்றிக்கொண்டாள். என்றோ ஒருநாள் இது நடக்கும் என்று காத்திருந்தவளின் முகம் அது. உள்ளே சன்னலையொட்டித் தையல் மெஷின். தரையெங்கும் வெட்டுத் துணிகள். பல்லுக்காரம்மா முகவுரை ஏதுமின்றி, அன்று அவர் ஏதாவது பேசினாரா என்று மட்டும் கேட்டாள்.

"பேசினாருங்க." தையல்காரியின் குரல் தேய்ந்திருந்தது. "கார் நின்னதும் என்னன்னு போய்க் கேட்டேன். வேர்த்திருந்துச்சு. வெயில்ல வேர்க்காதான்னு நெனச்சேன். தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. யாரையாச்சும் கூப்பிடவான்னா, வேணாம்மா, வண்டி சூடாயிடுச்சு, ஆறினதும் கிளம்பிடுவேன், நீங்க வேலையப் பாருங்கன்னு சிரிச்சாரு. நானும் மெஷின்ல வந்து உக்காந்துட்டேன். ஒரு தலகாணி உறை முடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தேன், அப்படியே உக்காந்திருந்தாரு. குனிஞ்சு இன்னொரு உறைய எடுத்துட்டேன். அந்த இன்னொன்ன எடுக்காம வெளிய போயிருந்தா…"

சாவு வீட்டின் மூலையில் அத்தனை அழுகை ஏன் வந்தது என்று இப்போது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கொஞ்ச நாளா," என்று அவள் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தாள், "அதே கார், அதே எடத்துல வந்து நிக்குது. உள்ள ஒருத்தர் அசையாம உக்காந்திருக்கறது தெரியும். யாருன்னு தெரியாது. ஏம்மா அன்னிக்கு மறுபடி வந்து பாக்கலன்னு கேக்க வந்திருக்காருன்னு நெனச்சுக்குவேன். விளக்க அணைச்சுட்டு நிப்பேன். வெளிய வரத் தைரியம் வரலைங்க."

பல்லுக்காரம்மா மெஷின் முன்னிருந்த ஸ்டூலில் அமர்ந்தாள். ஆறுதல் சொல்லத்தான் அமர்ந்தாள். கார்தான் பழுது, நானே போட்டேன், இனி நிற்காது என்று சொல்லவும் சொன்னாள். ஆனால் அந்த இருக்கையிலிருந்து தலையை நிமிர்த்தினால் கண்ணெதிரே சன்னல். சன்னலுக்கு அப்பால் வெயிலில் மினுங்கியபடி அவளுடைய கார். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே ஒருவர் தலையை முன்னே சாய்த்து, தோள்கள் தளர, சிறிதும் அசைவின்றி அமர்ந்திருந்தார்.

அவர்தான். அந்தக் குனிவு, அந்தப் பொறுமை, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஆறட்டும் என்றிருக்கும் அந்த இருப்பு. தன் விரல்கள் மேசைமீதிருந்த துணியை இறுகப் பற்றியிருப்பதைக் கண்டாள். பக்கத்தில் தையல்காரியும் மூச்சுவிடாமல் நின்றாள். இவள் கண்ணுக்கு இத்தனை மாலைகளிலும் தெரிந்தது இதுதான் என்பதைப் பல்லுக்காரம்மா அறிந்தாள்.

காரிலிருந்த உருவம் கையை உயர்த்தி மூக்கைத் துடைத்துக்கொண்டது. அண்ணனின் சாயலில் அச்சாக வார்த்தது போன்ற தங்கை, தன்னந்தனியே அழுதுகொண்டிருந்தாள்.

பல்லுக்காரம்மா எழுந்தாள். கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். வாசலைக் கடந்து, சாலையில் வேகமாக, ஏறக்குறைய ஓடியே சென்று, கார்க் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். நாத்தனார் திடுக்கிட்டு நிமிர்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன் அண்ணி. நீங்க பேசிட்டு வாங்க, எனக்கொண்ணும் இல்ல."

"வேணாம்," என்றாள் பல்லுக்காரம்மா, கதவை வெளியிலிருந்தே திறந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு. "தனியா உக்காந்திருக்க வேணாம். இறங்கு."